அந்த வீடு நம் தெருவிலேயே இருக்கட்டும்

நகர் குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர்களுக்கு,



இரண்டாவது குறுக்குத் தெருவில் பூட்டிக் கிடந்த தனிவீட்டை வாடகைக்கு எடுத்து, மறதி நோய் வந்த பெரியவர்கள் எட்டுப் பேரைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றைத் தொடங்கப் போகிறார்கள். அதைத் தடுக்கக் கோரி மாநகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் கொடுக்க நம்மவர்கள் ஒரு மனு தயாரித்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய மனு, பிறகு வீடு வீடாகக் கையெழுத்துக்கு வந்தது. என் வீட்டுக்கும் வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தை வாசலில் நின்றபடி சொல்லி முடிக்க முடியாது என்பதால்தான் இந்த மடல்.

இரவில் கூச்சல் கேட்கும், ஆம்புலன்ஸ் வந்துபோகும், நோயாளிகள் தெருவுக்கு ஓடிவந்து குழந்தைகளைப் பயமுறுத்துவார்கள், அடிக்கடி சாவு விழும், மனை விலை இறங்கும் என்கிறது மனு. படப்பைப் பக்கமோ வண்டலூரைத் தாண்டியோ ஒதுக்குப்புறமாக இடம் பார்த்துக் கட்டிக்கொள்ளட்டும் என்று முடிகிறது. இதை எழுதியவர்கள் இரக்கமில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. 2015 வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் வீட்டை விட்டு வந்தவர்களுக்கு நம் சங்கக் கட்டடத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துப் போட்டவர்கள் இவர்களே. அதனால்தான் நேராகப் பேசலாம் என்று தோன்றுகிறது.

இந்த நோய் எங்கிருந்தோ நம் நகருக்குள் வரப்போகிறது என்ற பயம் மனு முழுக்கத் தெரிகிறது. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்னும் இந்த மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டது. சுமார் 88 லட்சம் பேர். 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2031இல் அது 18 சதவீதத்தைத் தாண்டும் என்று கணித்திருக்கிறார்கள். நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள், ஏ.ஜி. ஆபீஸ்காரர்கள், ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள். பிள்ளைகள் பெங்களூரிலும் டல்லாஸிலும். நம்மில் நூறு பேருக்கு ஏழு பேர் என்பது கணக்கு. கணவர் நடுராத்திரியில் எழுந்து கிளம்பிவிடுவாரோ என்று வாசல் கதவுக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுக்கும் ஓர் அம்மாவை இதே நகரில் எனக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொல்வதில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை. நோய் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது.

என் அம்மாவுக்கு இது வந்தது. வீட்டில் வைத்துப் பார்த்தோம். முடியாத கட்டம் வந்தபோது, ஊருக்கு வெளியே அறுபது கட்டில் போட்டிருந்த ஓர் இடத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். கெட்ட இடமும் இல்லை; தரை பளபளவென்று இருக்கும், மரம் செடி உண்டு. ஆனால் நீளமான தாழ்வாரத்தில் ஒரே மாதிரிக் கதவுகள். எந்தக் கதவு தன்னுடையது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் புது முகம் வந்து புடவையை அவிழ்த்துக் குளிப்பாட்ட முயலும். அம்மா அடித்தார், கத்தினார். பின்னாளில் நான் போகும்போதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார். அமைதியாகிவிட்டார் என்றார்கள். மாத்திரை கொடுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்துகளை மறதி நோய் வந்த முதியவர்களுக்குக் கொடுத்தால் உயிரிழப்பு கூடுகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. சில சமயம் வேறு வழியில்லாமல் மருத்துவர் குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்கு எழுதிக்கொடுப்பது வேறு. ஆள் பற்றாத இடத்தில், ஆளுக்குப் பதிலாக அது வேலை செய்யத் தொடங்குவது வேறு. மனுவின் முதல் வரி இரவுச் சத்தத்தைப் பற்றியது என்பதால் சொல்கிறேன்: ஒரு சிறு சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று தெரு அடம்பிடித்தால், இல்லம் நடத்துகிறவருக்குக் கைக்கு எட்டும் எளிய வழி அந்த மாத்திரைதான். நம் தூக்கத்துக்காக அந்தப் பெரியவர்கள் பகலெல்லாம் தூங்க வேண்டிவரும்.

அம்மாவை அங்கிருந்து கூட்டிவந்து, குரோம்பேட்டைப் பக்கம் ஒரு சாதாரணத் தெருவில், எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் சேர்த்தோம். மூன்று படுக்கையறை, கூடம், சமையலறை, பின்னால் துணி துவைக்கும் கல், ஒரு முருங்கை மரம். பகலில் மூன்று பெண்கள், இரவில் இரண்டு பேர். அவர்களில் கலசபாக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் செய்ததை நான் நேரில் பார்க்காமல் போயிருந்தால் இந்த மடலை எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

மாலை ஐந்து ஐந்தரைக்கு அம்மாவுக்குப் பரபரப்பு தொடங்கிவிடும். மறதி நோயில் பொழுது சாயும் நேரம்தான் பலருக்கும் கஷ்டமான நேரம். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும், பால் கறக்க ஆள் வந்து நின்னுட்டிருப்பான்." அவர் சொல்லும் வீடு அவருடைய பத்து வயதில் இருந்த வீடு. மாடும் இல்லை, கறப்பவரும் இல்லை. முந்தைய இடத்தில் என்றால், "இதுதாம்மா உங்க வீடு, போய் உக்காருங்க" என்று கையைப் பிடித்து உள்ளே இழுப்பார்கள். அங்கே சண்டை ஆரம்பிக்கும். இவள் அப்படிச் செய்யவில்லை. "ஆமாம்மா, நேரமாச்சு, வாங்க போலாம்" என்று சொல்லிவிட்டு, செருப்பை எடுத்துப் போட்டு, தானும் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு கிளம்பிவிடுவாள். இரண்டு பேரும் தெரு முனைப் பிள்ளையார் கோயில் வரை போவார்கள். பூக்காரம்மா, "என்ன டீச்சரம்மா, இன்னிக்கு லேட்டு?" என்று கேட்டு முழம் பூவை நீட்டுவார். விபூதி பூசிக்கொண்டு, டீக்கடைக்காரரின் நாயைத் தள்ளிப்போகச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவார்கள். கேட் அருகே வந்ததும், "வந்துட்டோமா?" "வந்துட்டோம்மா, காலைக் கழுவிட்டு வாங்க." அம்மா நிம்மதியாக உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு மாத்திரையும் இல்லை.

இதில் அந்தப் பெண்ணின் பொறுமை பாதி. மறுபாதி அந்தத் தெரு. கோயில், பூக்கடை, பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள், திரும்பிவர ஒரு கேட். படப்பைக்கு அப்பால் பொட்டல் நடுவே சுற்றுச்சுவர் எழுப்பிய வளாகத்தில் எவ்வளவு செலவழித்தாலும் இவை கிடைக்காது. ஊருக்கு வெளியே போகட்டும் என்ற வரியை நீங்கள் எளிதாக எழுதிவிட்டீர்கள். அங்கே போகும்போது அவர்கள் விட்டுப்போவது பாதி வைத்தியத்தை.

சிறிய வீடு என்பதும் வைத்தியத்தில் ஒரு பங்குதான். புதிதாக எதையும் மனத்தில் பதித்துக்கொள்ள முடியாமல் போகும் நோய் இது. அறுபது முகங்களை அம்மாவால் பழக முடியவில்லை; பத்துப் பன்னிரண்டு முகங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகின. பெயர் தெரியாவிட்டாலும், இந்த முகம் நம்மைப் படுத்தாது என்று தெரிந்துகொண்டார். கூடத்தில் உட்கார்ந்தால் கழிவறைக் கதவு கண்ணில் படும். அதனால் உடை நனைவது குறைந்தது. சமையலறையில் கடுகு வெடிக்கும் சத்தமும் ரசத்தின் வாசனையும் வந்தால் யாரும் கூப்பிடாமலே நாலு பேர் எழுந்து சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுவார்கள். பெரிய இடத்தில் சாப்பாடு வண்டியில், டப்பாவில் வந்தது. அதற்கு வாசனையும் இல்லை, அறிவிப்பும் இல்லை. அம்மா இங்கே முறத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்தார். ஆய்ந்ததையும் குச்சியையும் ஒன்றாகக் கலந்து வைப்பார்; அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் உள்ளே எடுத்துப்போய் மறுபடி ஆய்ந்துகொள்வாள். அம்மாவுக்கு நோய் குணமாகவில்லை. குணமாக்கும் மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. ஆனால் அவர் கடைசி வரை ஒரு வீட்டில் வாழ்ந்தார்.

நான் சொல்வது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. ஜப்பானில் 2000இல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தபோது, மறதி நோயாளிகளுக்கான சிறு இல்லங்களையும் அதில் சேர்த்தார்கள். ஓர் அலகில் ஐந்து முதல் ஒன்பது பேர், அதற்கு மேல் கூடாது. இல்லம் குடியிருப்புப் பகுதியில் இருக்க வேண்டும், அக்கம்பக்கத்தாருடன் பழக வாய்ப்புள்ள இடமாக இருக்க வேண்டும் என்று விதியே எழுதினார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் டூப்பலோ நகரில் 2003இல் பத்துப் பன்னிரண்டு பேருக்கான 'கிரீன் ஹவுஸ்' வீடுகள் தொடங்கின. 2020இல் கொரோனா முதியோர் விடுதிகளைச் சூறையாடியபோது, பெரிய விடுதிகளைவிட இந்தச் சிறு வீடுகளில் தொற்றும் சாவும் குறைவாகவே இருந்தன. நம் நாட்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, குறைந்தது 150 பேர் தங்கும் வசதியோடு மாநில அரசு அமைக்கலாம் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. ஆதரவற்றவர்களுக்குக் கூரை வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுதியது. மறதி நோய் வந்தவரை 150 பேருக்கு நடுவில் விட்டால் என்ன ஆகும் என்பதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. சங்கம் மனு கொடுக்க ஆசைப்பட்டால் இதைப் பற்றிக் கொடுக்கலாம். தனியார் இல்லங்கள் மாதாமாதம் கேட்கும் தொகை பென்ஷன் குடும்பத்தின் முதுகை முறிக்கிறது. எழுபது தாண்டியவர்களுக்கான ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும்தான் உதவும். பணம் இல்லாதவர்களுக்கும் தெருவுக்குள் எட்டுப் பேர் இருக்கும் வீடு வேண்டும் என்று அரசிடம் கேட்பது நம் போன்ற சங்கங்களின் வேலை.

இனி ஒதுக்குப்புறம் பற்றி. ஏர்வாடியை மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியலில், ராமநாதபுரம் மாவட்டத்தில், மனநல விடுதி என்ற பெயரில் நடந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுப்போன மனிதர்கள். அந்த விடுதிக்குள் என்ன நடக்கிறது என்று தினமும் எட்டிப் பார்க்கவும், சங்கிலியைக் கண்டு சத்தம் போடவும் பக்கத்தில் அக்கறையுள்ள ஒரு தெரு இருந்திருந்தால் அது அத்தனை நாள் நடந்திருக்குமா? தன்னால் புகார் சொல்ல முடியாதவர்களுக்கு அக்கம்பக்கத்தின் கண்தான் முதல் பாதுகாப்பு. நாம் பார்க்காத இடத்துக்கு அவர்களை அனுப்பச் சொல்லும் மனுவில் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

மற்ற காரணங்களுக்கும் வருகிறேன். வெளியே ஓடிவருவார்கள் என்பது நிஜமான கவலை, ஆனால் ஆபத்து நமக்கு இல்லை, அவர்களுக்கு. வழி தெரியாமல் நிற்கும் பெரியவரைப் பார்த்தால் பால் பூத்காரரும் இஸ்திரி வண்டிக்காரரும் இல்லத்துக்கு ஒரு போன் செய்தால் போதும். ஜப்பானில் 2005 முதல் சாதாரண ஜனங்களுக்கு, கடைக்காரர்களுக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மறதி நோயைப் புரிந்துகொள்ள ஒன்றரை மணி நேரப் பயிற்சி கொடுக்கிறார்கள். இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதை முடித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் பயப்படுவது நாம் பயப்படுவதைப் பார்த்துத்தான். சென்னையில் ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் மறதி நோய்ப் பிரிவான டெம்கேர்ஸ் இருக்கிறது. மறதி நோயாளிகளுக்காக 1992இல் கேரளத்துக் குன்னங்குளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்புக்கும் இங்கே கிளை உண்டு. கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசச் சொல்லலாம்.

சாவு விழும் என்பதும் உண்மை. அம்மா அந்த வீட்டில்தான் இறந்தார். விடியற்காலை நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எதிர்வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார். பூக்காரம்மா மாலை கட்டி எடுத்துவந்தார், காசு வாங்கிக்கொள்ளவில்லை. அந்தத் தெருவுக்கு அம்மா யாரோ அல்ல என்று அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. சாவு விழாத தெரு எதுவும் கிடையாது. நம் வீடுகளிலும் விழுந்திருக்கிறது, அப்போதெல்லாம் நாம் பந்தல் போடக் கைகொடுத்திருக்கிறோம்.

மனை விலை பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தெரியாது. எட்டு முதியவர்கள் குடிவந்ததால் விலை விழுந்த தெரு எதையும் நான் அறியேன். கொஞ்சம் குறைந்தாலும், அதற்காக அவர்களை விரட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியானால் எதையும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? கூடாது. நிறையக் கேட்க வேண்டும், கறாராகக் கேட்க வேண்டும். இந்தத் தொழிலில் நல்லவர்களும் இருக்கிறார்கள், வாடகைக்கு ஒரு வீடும் நாலு கட்டிலும் கிடைத்தால் போதும் என்று இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா, மறதி நோயாளிகளை வைத்திருப்பதால் மாநில மனநல ஆணையத்தின் பதிவும் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்போம். இரவில் விழித்திருக்கும் ஆள் எத்தனை பேர் என்பது மிக முக்கியம். ஒரே ஒரு பெண்ணை விட்டுவிட்டுப் போனால் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் உதவி தேவைப்படும்போது அவள் என்ன செய்வாள்? அந்த வீட்டு ஜன்னல்களில் எல்லாம் கிரில் இருக்கிறது. பின்பக்கம் திறக்கும் வழி வேண்டும், சாவி எங்கே தொங்குகிறது என்று ஒவ்வொரு பணியாளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும். யாரையும் கட்டிலில் கட்டிவைப்பதில்லை என்று எழுத்தில் வேண்டும். மருந்துப் பதிவேட்டைக் குடும்பத்தார் எந்த நேரத்திலும் பார்க்கலாம் என்று இருக்க வேண்டும். டயப்பர் குப்பையைத் தெருத் தொட்டியில் போடாமல் எப்படி அகற்றப் போகிறார்கள், கழிவுநீர் இணைப்பு எட்டுப் பேருக்கும் பணியாளர்களுக்கும் தாங்குமா என்பது நம் நியாயமான கேள்விகள். பணியாளர்களுக்கு ஒழுங்கான சம்பளமும் வார விடுமுறையும் உண்டா என்றும் கேட்போம். அடிக்கடி ஆள் மாறினால் எட்டுப் பேர் வீடும் அறுபது கட்டில் போலவே ஆகிவிடும். கேட்டதற்குப் பதில் இல்லாவிட்டாலோ உள்ளே தவறு நடப்பது தெரிந்தாலோ மூத்த குடிமக்கள் உதவி எண் 14567 இருக்கிறது. முதல் ஆளாக நானே அழைப்பேன்.

ஜப்பானிய விதிகளில் இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட ஒவ்வோர் இல்லமும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் நடத்த வேண்டும். குடும்பத்தார், உள்ளாட்சி அலுவலர் ஆகியோருடன் அந்தப் பகுதிவாசிகளும் அதில் உட்கார்ந்து, என்ன நடந்தது, யார் விழுந்தார், என்ன குறை என்று கேட்பார்கள். நம் ஊரில் அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் சங்கம் கேட்டால் இல்லம் நடத்துகிறவர் ஒப்புக்கொள்வார். நான் அவரிடம் பேசினேன், தயார் என்கிறார். நம் தரப்பில் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி நான். இன்னொருவர் இந்த மனுவில் முதலில் கையெழுத்திட்டவராக இருந்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். அதிகம் சந்தேகப்படுகிறவர்தான் கூர்மையாகப் பார்ப்பார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். தடைகோரும் மனுவைத் திரும்பப் பெறுவது, மேலே சொன்ன கேள்விகளை இல்லத்துக்கு எழுத்துமூலம் அனுப்புவது, இருவர் கொண்ட குழுவை அமைப்பது என்ற தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். வாருங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது தெருவிலிருந்து உங்களில் ஒருத்தி